துலுக்காணத்தின் கோடாலி

சித்தூருக்கு வெளியே, வேலூர் போகிற சாலையை ஒட்டின காலனியில், துலுக்காணத்தின் முகத்தை மறந்தவர்கள் உண்டு. அவருடைய கோடாலியை மறந்தவர்கள் கிடையாது. முப்பத்தொரு வருடமாக ஒரே கோடாலி. வாங்கினபோது ஒரு சாண் இருந்த இரும்பு, தீட்டித் தீட்டி நாலு விரல் தேய்ந்துவிட்டது. வாயின் ஒரு மூலையில் சின்னப் பொக்கை. எவனோ எந்தக் காலத்திலோ ஒரு புளியமரத்தில் அடித்துவைத்த ஆணி பார்த்த வேலை அது. காம்பும் புளியங்கட்டைதான். வலது கை பிடிக்கிற இடம் உள்வாங்கி, கட்டைவிரல் போய் உட்காருவதற்கென்று ஒரு பள்ளம் விழுந்திருந்தது. வேறு யார் பிடித்தாலும் அந்தப் பள்ளம் அவர்கள் விரலுக்கு வராது. வரவும் கூடாது என்பதுதான் துலுக்காணத்தின் எண்ணம்.

மரத்தைச் சாய்க்க இப்போது மிசின் ரம்பம் வந்துவிட்டது. அதனால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. சாய்த்ததில் கிளை கழிக்கவும், தூரைப் பிளக்கவும், கல்யாண மண்டபத்துக்கும் செங்கல் சூளைக்கும் விறகாக்கிப் போடவும் வருடம் முழுக்க ஆள் தேவை. அந்த வேலையில் துலுக்காணத்தை அடித்துக்கொள்ள அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. இதை அடுத்தவர் சொல்வதற்குள் அவரே சொல்லிவிடுவார், அதுதான் கொஞ்சம் கஷ்டம்.

கோடாலி மட்டுமல்ல. காலில் லாரி டயரில் வெட்டின செருப்பு, பத்து வருடம். தோளில் மிலிட்டரிக்காரர் ஒருவர் போட்டுவிட்டுப் போன கான்வாஸ் பை, அது பதினெட்டு வருடம். தண்ணீருக்கு ஒடுங்கின அலுமினியக் கேன். பிழைக்க வந்து பன்னிரண்டு வருடமாகியும் ஆதார் கார்டில் வேலூர் மாவட்டத்து விலாசமே இருந்தது. மாற்றச் சொன்னால், “இது இன்னா கிழிஞ்சா பூட்ச்சி?” என்பார். கஞ்சத்தனம் என்று சொன்னால் பாவம். கேட்டவனுக்குக் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு வருகிற மனிதர். புதுசு என்றால் அவருக்கு ஆசையே வராது, அவ்வளவுதான். இருப்பது வேலை செய்கிறது, போதும். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனம் யாருக்கு வாய்க்கும் என்று நாலு பேர் மெச்சவும் செய்தார்கள்.

ஆனால் கோடாலியை மட்டும் யாரும் தொடக்கூடாது. பக்கத்து வீட்டு தாமோதரன் ஒருமுறை தேங்காய் மட்டை பிளக்கக் கேட்டதற்கு, “என் பல்லு வெளக்குற குச்சியக் கேளு, தர்றேன். இத மட்டும் கேக்காத” என்றார். மனைவி கமலம்மா வாசல் பெருக்கும்போது அதைச் சுற்றித்தான் பெருக்குவாள். “என்னுது” என்று அவர் சொல்லும்போது அந்தச் சொல்லில் ஒரு அழுத்தம் இருக்கும். சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத மனிதர் அந்த ஒரு சொல்லை வேறு எதற்குச் செலவழிப்பார்?

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டுக் கார்டு வைத்திருக்கிற கூலிக்காரன் கோடாலியோடு திருப்பதியைத் தாண்டக்கூடாது. இது எழுதின சட்டமல்ல, எல்லோருக்கும் தெரிந்த சட்டம். அந்த மலைக்காட்டில் செம்மரம் இருக்கிறது. அதைத் திருட்டுத்தனமாக வெட்ட ஆள் வருவது தமிழ்நாட்டிலிருந்து. அதனால் தமிழ் பேசுகிறவன், கையில் கோடாலி என்றால் கேள்வியே கிடையாது, ஜீப்பில் ஏறு என்பார்கள். நியாயமான வேலைக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவார்கள். கோடாலி, கடப்பாரை எல்லாம் மேஸ்திரி அங்கேயே கொடுத்து, வேலை முடிந்ததும் அங்கேயே வாங்கிக்கொள்வார். துலுக்காணம் இதுவரை சித்தூரைச் சுற்றியே வேலை செய்ததால் அந்தச் சட்டத்தோடு மோதவேண்டி வரவில்லை.

அந்த வருடம் மாசி மாதத்தில் ஏர்பேட்டிலிருந்து முனிகிருஷ்ணன் மேஸ்திரி போன் செய்தார். ஒரு தோட்டத்தில் எட்டு கிழட்டு மாமரங்களைச் சாய்த்துப் போட்டிருக்கிறார்கள், கழித்துப் பிளந்து லாரியில் ஏற்ற வேண்டும், பத்து நாள் வேலை, இரண்டு ஆளாக வரணும் என்றார். கடைசியில், “சாமான் ஒண்ணும் எடுத்தாராத, துலுக்காணம். அர்த்தமயிந்தா, புரிஞ்சுதா? இங்க எல்லாம் கீது” என்று தமிழும் தெலுங்குமாக இரண்டு தடவை சொன்னார்.

இரண்டாவது ஆளாக மாசிலாமணியைக் கூப்பிட்டார். கமலம்மாவின் தம்பி. அம்மா செத்தபோது அவனுக்கு ஒன்பது வயது. அக்கா வீட்டில்தான் வளர்ந்தான். ஐடிஐயில் ஃபிட்டர் படித்தான். கன்னிகாவைக் கட்டிக்கொண்டு பக்கத்து வரிசையிலேயே குடியிருந்தான். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்கு எடுத்திருந்தார்கள், ஏப்ரல் ஒன்றாம் தேதி சேர வேண்டும். கன்னிகா ஏழு மாதம். சேருவதற்கு முன் சும்மா இருக்கிற பத்து நாளில் நாலு காசு வரட்டுமே என்று மாமா கூப்பிட்டதும் கிளம்பிவிட்டான். அவனுக்குக் கோடாலி வேலை வராது. கிளை இழுத்துப் போடுவான், அடுக்குவான்.

கிளம்புகிற அன்று காலையில் துலுக்காணம் கோடாலியைச் சாக்கில் சுற்றினார். கமலம்மா பார்த்துவிட்டாள்.

“இன்னாய்யா, மேஸ்திரி அவ்ளோ சொன்னாரே.”

“அவரு குடுக்குற கோடாலில விறகு பொளக்கறதுக்கு நான் வாயாலயே கடிச்சிப் போட்டுடுவேன்.”

“சரி, தலையக் கழட்டி பைக்குள்ள வெச்சிக்கோ. காம்ப இங்கயே போட்டுட்டுப் போ. அங்க ஒரு காம்பு கெடைக்காதா?”

இதைத்தான் எல்லோரும் செய்வார்கள். தலையைக் கழற்றிவிட்டால் அது வெறும் இரும்புத் துண்டு, கேட்கிறவன் இல்லை. ஆனால் காம்பின் தலையில் அடித்திருந்த ஆப்பு ஆறு வருடமாக அசையாத ஆப்பு. ஒருமுறை பிடுங்கினால் மறுபடி அதேபோல உட்காராது. அவர் கையால் அடித்தது, அவரால் பிடுங்க முடியவில்லை. “அதெல்லாம் ஒண்ணும் ஆவாது” என்று சாக்கைத் தூக்கித் தோளில் போட்டார். காம்பின் அடி ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

திருப்பதி வரை ஒன்றும் ஆகவில்லை. பஸ் மாறினார்கள், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. துலுக்காணத்துக்கு ஏக குஷி. “பாத்தியா, உங்க அக்கா பயந்தே சாவறா” என்றார். ஏர்பேட்டைத் தாண்டி இறங்கி, தோட்டத்துக்கு மண் சாலையில் மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். பதினோரு மணி வெயில். பாதி வழியில் அவருடைய இடது முட்டி பிடித்துக்கொண்டது. அது பழைய முட்டி, அதை மட்டும் அவர் மாற்ற முடியாமல் வைத்திருந்தார்.

“குடு மாமா, நான் எடுத்தாறேன்” என்றான் மாசிலாமணி.

முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாகக் கொடுத்தார். அவன் அதை வாங்கித் தோளில் போட்டு, “இன்னா மாமா, இவ்ளோ கனம் கீது. இதயா தெனிக்கும் தூக்கினு திரியற?” என்று சிரித்தான். அவருக்கும் சிரிப்பு வந்தது. ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன், நீ நட என்று சொல்லிவிட்டு, சாலையோரத்துச் சீமைக்கருவேல் புதருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

ஜீப் சத்தம் கேட்டது அப்போதுதான். புதரின் இடுக்கு வழியாக அவருக்கு எல்லாம் தெரிந்தது. பத்தடி தூரம்தான். காக்கி உடுப்பில் நாலு பேர் இறங்கினார்கள். சாக்கைப் பிடுங்கி உதறினார்கள். கோடாலி மண்ணில் விழுந்தது.

“எவரிதிரா இதி?” யாருடையது என்று ஒருவன் கேட்டான்.

மாசிலாமணி சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். அவன் பார்வை புதரின் மேல் வந்து, நின்று, நகர்ந்தது.

“நாதி சார்” என்றான். பிறகு தமிழில், “என்னுதுதான் சார்.”

“கூட எவன்?”

“யாரும் இல்ல சார். ஒண்டியாத்தான் வந்தேன்.”

ஒரு அறை விழுந்தது. அந்தச் சத்தம் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவர் கன்னத்திலும் விழுந்தது, ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. முட்டி பிடித்துக்கொண்டது என்று பிற்பாடு அவர் தனக்குத்தானே ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டார். முட்டி பிடித்தது உண்மைதான். வாய்க்கு ஏது முட்டி? “ஐயா, அது என்னுது” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தியிருக்கலாம். சொந்த ஊரில் தனசேகர் என்று ஒருவன் இருந்தான். இப்படிப் பிடிபட்டு இரண்டு வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்தவன். வந்த பிறகு யாரோடும் பேசாமல், வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து ஒருநாள் செத்துப்போனான். துலுக்காணத்தின் கண்ணுக்கு முன்னால் அந்தச் சுவர்தான் வந்தது. ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய், புழுதி அடங்கி, ஆடு மேய்க்கிற ஒருத்தி அந்த வழியாகப் போன பிறகுதான் அவர் எழுந்தார்.

வீட்டுக்கு வந்து, தான் டீ குடிக்கப் பின்தங்கியிருந்ததாகவும், வந்து பார்ப்பதற்குள் பிடித்துக்கொண்டு போய்விட்டதாகவும் சொன்னார். கன்னிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கமலம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “கோடாலி அவன் கையில எப்டி வந்துச்சி?” முட்டி வலி என்றார். அவள் அந்த முட்டியை ஒரு பார்வை பார்த்தாள்.

ஜெயச்சந்திரன் என்று திருப்பதியில் ஒரு வக்கீலைப் பிடித்தார்கள். நல்ல மனிதர், தமிழ் தெரிந்தவர். அவர் விஷயத்தைச் சுலபமாகச் சொன்னார். பையனிடம் ஒரு குச்சி செம்மரம்கூட இல்லை. கேஸ் நிற்பது கோடாலியின் மேல்தான். ஃபிட்டர் படித்தவனுக்குக் காட்டோரத்தில் கோடாலி எதற்கு என்று கேட்கிறார்கள். அதற்கு அவனிடம் பதில் இல்லை, தன்னுடையது என்று மட்டும் சொல்கிறான்.

“உண்மையான சொந்தக்காரர் நீங்க வந்து, இது என்னுது, நான் முப்பது வருஷமா விறகு பொளக்கறவன், இன்ன தோட்டத்துக்கு இன்ன வேலைக்கு வந்தேன்னு சொல்லுங்க. உங்க உள்ளங்கையக் காட்டுங்க. அது போதும். நீங்க சொன்னா மேஸ்திரியும் வந்து சொல்வாரு.”

“என்னை உள்ள வெச்சிடுவாங்களா சார்?”

வக்கீல் பொய் சொல்லவில்லை. “வெச்சாலும் வெக்கலாம். நாலு நாளோ பத்து நாளோ. எடுத்துடலாம். ஆனா அவனுக்கு ஒண்ணாம் தேதி வேலை போவுதே, அத நெனச்சுப் பாருங்க.”

துலுக்காணம் வருகிறேன் என்றார். நிஜமாகவே வருவதாகத்தான் நினைத்தார்.

ஜாமீன் மனு மார்ச் இருபத்தேழாம் தேதி. கன்னிகாவுக்குக் கால் வீங்கியிருந்ததால் கமலம்மா அவளோடு இருந்துவிட்டாள். துலுக்காணம் தனியாக முதல் பஸ்ஸில் போனார். கமலம்மா சட்டை துவைத்துக் கொடுத்திருந்தாள். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மணி ஒன்பது. பத்தரைக்குக் கோர்ட். வெளியே ஷேர் ஆட்டோக்காரன், “திருச்சானூர், திருச்சானூர்” என்று கூவிக்கொண்டிருந்தான். அங்கே கோயிலில் தாயாரைக் கும்பிட்டுவிட்டு தைரியமாகப் போகலாம் என்று ஏறினார். அப்போதும் அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. ஒரு மனிதன் தன்னை ஏமாற்றிக்கொள்ளும்போது அது அவனுக்குத் தெரிவதில்லை.

கோயில் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றார். கும்பிட்டார். வெளியே வந்து குளத்துப் படியில் உட்கார்ந்தார். பத்தேகால் ஆனது. பத்தரை ஆனது. போன் அடித்தது, வக்கீல். அது அடித்து ஓயும்வரை கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இன்னொரு தடவை அடித்தது. பதினொன்றரைக்கு அடிப்பது நின்றது. பக்கத்தில் ஒரு குடும்பம் உட்கார்ந்து லட்டைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. அந்த அம்மாள் அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். வாங்கிக்கொண்டார், தின்னவும் செய்தார்.

வீட்டுக்கு வந்து, “வாய்தா போட்டுட்டாங்க” என்றார்.

கமலம்மா அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. “வக்கீல் போன் பண்ணாரு” என்றாள். “மனு தள்ளுபடி ஆயிடுச்சாம். எங்கய்யா போன நீ?”

அவர் துவைத்த சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“ஒம்போது வயசுல இருந்து உன் கையால சோறு துன்னவன்யா அவன். முப்பது வருசமா என்னுது என்னுதுன்னு ஊரக் கூட்டுவியே, யாரயும் தொட வுட மாட்டியே. இப்ப ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அந்த வார்த்தய சொல்றதுக்கு உனக்கு நாக்கு இல்லாம பூட்ச்சா?” அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். “குலத்தக் கெடுக்க வந்த கோடாலிக்காம்புன்னு சும்மாவா சொன்னாங்க” என்று முடித்துவிட்டு, சோற்றைத் தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தாள். அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகும் அவள் தவறாமல் சோறு போட்டாள். பேச்சுதான் நின்றுபோனது.

ஏப்ரல் ஒன்றாம் தேதி வந்தது, போனது. அடுத்த மனுவுக்கு நிச்சயம் போவதாக துலுக்காணம் சாமிமேல் சத்தியம் செய்தார். அதற்குள் ஜெயிலுக்குப் பார்க்கப் போன கன்னிகா ஒரு சேதி கொண்டுவந்தாள். “மாமாவ வர வேணாம்னு சொல்லச் சொன்னாரு. இத்தினி நாளு கழிச்சி வந்து சொன்னா ரெண்டு பேரயும் வெச்சிக்குவாங்களாம். வயசான காலத்துல அவரு தாங்க மாட்டாருன்னாரு.” அதைக் கேட்டதும் துலுக்காணத்துக்கு மார்பிலிருந்து ஒரு கல் இறங்கினாற்போல இருந்தது. இறங்கினது தெரிந்ததும் தன்மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. ஆனால் அடுத்த மனுவுக்கும் அவர் போகவில்லை.

மாசிலாமணி நூற்றுப் பத்து நாள் உள்ளே இருந்தான். மகள் பிறந்தபோது இல்லை. ஜாமீனில் வந்தபோது குழந்தை இவனைப் பார்த்து அழுதது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஏர்பேடு போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்ரீசிட்டி கம்பெனியில் போய்க் கேட்டான். கேஸ் இருப்பவர்களை எடுப்பதில்லை என்றார்கள். வேறு இரண்டு இடத்திலும் அதையே சொன்னார்கள். அந்த வருடம் மாம்பழச் சீசன் முடிகிறவரை சித்தூரில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் பழக் கிரேட் தூக்கினான். மாமாவைத் தெருவில் பார்த்தால் தலையை அசைப்பான். அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம், அந்தத் தயவைக்கூடச் செய்யவில்லை.

துலுக்காணம் வயிற்றுப்பாட்டுக்கு வேலைக்குப் போக வேண்டுமே. சித்தூர் பஜாரில் புதுக் கோடாலி ஒன்று வாங்கினார். சிவப்புப் பெயிண்ட் அடித்தது, காம்பு மிசினில் கடைந்தது. புதுச் செருப்பு காலைக் கடிக்கும். இது கை, தோள், இடுப்பு எல்லாவற்றையும் கடித்தது. முப்பது வருடம் காய்ப்பு ஏறின உள்ளங்கையில் சின்னப் பையன் கைமாதிரி கொப்புளம் வந்தது. ஓங்கினால் ஒரு பக்கம் இழுக்கும், போட்டால் எகிறும். ஆறு மாதத்தில் பழகிவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஒன்றரை வருடம் ஆகியும் பழகவில்லை. பெருமாள் கணக்குப் பார்த்துத்தான் தண்டனை கொடுக்கிறார் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவருக்குக் கிடைத்த தண்டனை அவ்வளவு சின்னது என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

மறு வருடம் மார்கழியில் கேஸ் தள்ளுபடியாகிவிட்டது. சாட்சி போதவில்லை என்றார்கள். முனிகிருஷ்ணன் மேஸ்திரி கடைசியில் தானாகவே வந்து தோட்டத்து வேலையைப் பற்றிச் சொல்லியிருந்தார். தெலுங்குக்காரர், ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவருக்கு இருந்த மனசு இவருக்கு இல்லாமல் போனதே என்று காலனியில் பேசாதவர் இல்லை. பிடித்த பொருளை யாரிடமிருந்து பிடித்தார்களோ அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவாகியிருந்தது.

மாசிலாமணி போய் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் நேராக அக்கா வீட்டுக்கு வந்தான். கன்னிகாவும் இடுப்பில் குழந்தையோடு பின்னால் வந்தாள். துலுக்காணம் வாசலில் உட்கார்ந்து புதுக் கோடாலியைத் தீட்டிக்கொண்டிருந்தார். மாசிலாமணி சாக்கிலிருந்து பழையதை எடுத்து அவர் எதிரில் தரையில் வைத்தான்.

துரு ஏறியிருந்தது. இரண்டு கோடை பூட்டின அறையில் கிடந்ததில் காம்பு வற்றி, தலை ஆடியது. இரும்பில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு நம்பர் போட்டிருந்தார்கள். காம்பில் நூல் கட்டி ஒரு அட்டை தொங்கியது. ஆனால் அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது. துலுக்காணத்தின் கட்டைவிரல் தானாக ஒரு தடவை அசைந்தது. சாணைக்கல்லைக் கீழே வைத்தார்.

“அட்டையில தெலுங்குல எம்பேரு எழுதிக்கீது மாமா” என்றான் மாசிலாமணி. “இது யாருதுன்னு என்ன ரெண்டு வாட்டி கேட்டாங்க. அன்னிக்கி ரோட்டுல ஒரு வாட்டி, இன்னிக்கி குடுக்கும்போது ஒரு வாட்டி. ரெண்டு வாட்டியும் என்னுதுன்னுதான் சொன்னேன்.” அவன் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. “மொத வாட்டி சொல்லும்போது உன் துண்டு தெரிஞ்சுது மாமா. முள்ளுச் செடிக்குள்ள. எழுந்து வருவேன்னு நெனச்சேன். அடி வுழும்போதுகூட நெனச்சினுதான் இருந்தேன்.”

கமலம்மா உள்ளேயிருந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். டீக்கடைக் கதையைத்தான் அவள் இரண்டு வருடமாக நம்பியிருந்தாள். கணவனின் பிடரியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“இப்ப நீ சொல்லு மாமா. யாருது இது?”

முப்பத்தொரு வருடம் கேட்காமலேயே சொன்ன சொல். குடிகாரர்கள் முன்னால், குழந்தைகள் முன்னால், கேலி செய்தவர்கள் முன்னால், வாய் ஓயாமல் சொன்ன சொல். அது இப்போது நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவன் கொடுத்துவிட்டுப் போய்விடுவான் என்றும் அவருக்குத் தெரிந்தது. கொடுப்பதற்குத்தான் அவன் கொண்டுவந்திருக்கிறானோ என்றுகூடத் தோன்றியது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்போல உடம்பெல்லாம் பறந்தது.

“உன்னுதுதான்” என்றார்.

மாசிலாமணி குனிந்து கோடாலியை எடுத்துக்கொண்டான். “சரி. வேற எவனும் வேல தர மாட்றான். நாளையிலேந்து இதுதான் எனக்கு. முனிகிருஷ்ணன் மேஸ்திரி கூப்டுகீறாரு” என்றான். தலை ஆடுவதைப் பார்த்து, “தண்ணில ஊறப் போட்டா இறுகிடுமா?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டான்.

“இறுகாது. ஆப்ப மாத்திடு” என்றார் துலுக்காணம். “மாத்தாம ஓங்கிடாத. தல கழண்டு பறக்கும்.”

அவன் தலையை அசைத்துவிட்டுப் போனான். கமலம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு தம்பியின் பின்னாலேயே நடந்தாள். ராத்திரி சோறு அடுப்பின் மேல் மூடி வைத்திருந்தது, அவள் திரும்பி வரவில்லை. பொழுது விடிந்து, கமலம்மாவின் துணி இரண்டு எடுத்துப்போகக் கன்னிகாதான் வந்தாள்.

அடுத்த வாரம் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் துலுக்காணம் விறகு பிளந்துகொண்டிருந்தார். கோடாலி ஒரு பக்கமாக இழுத்தது. ஒரே போடில் பிளக்க வேண்டிய கட்டைக்கு நாலு போடு போட்டார். பத்து வருடமாக அவரைத் தெரிந்த வாட்ச்மேன் சலீம் பாய் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

“இன்னா துலுக்காணம், கேஸ் முடிஞ்சி கோடாலி வந்துடுச்சின்னாங்களே. உன்னுத எடுத்துனு வரல?”

துலுக்காணம் அடுத்த கட்டையை எடுத்து நிறுத்தினார்.

“அது என்னுது இல்ல பாய்” என்றார். “எம் மச்சானுது.”